அம்மன் காசுக்கு 873 ரூபாய்

முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் பழைய நாணயங்களை இணையத்தில் ஏலம் விடுகிற அந்தத் தளத்தைப் பற்றிப் பேசலாம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, புதுக்கோட்டை சமஸ்தானத்தின் சின்னச் செப்புக்காசான அம்மன் காசு ஒன்றை 640 ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தேன். ஆரம்ப விலை 80. கமிஷன், கமிஷனுக்கு ஜி.எஸ்.டி., தபால் எல்லாம் சேர்ந்து கையை விட்டுப் போனது 873. அடுத்த மாதம் திருச்சியில் ஒரு நாணயக் கண்காட்சி. அங்கே ஒரு மேஜையில் எவர்சில்வர் கிண்ணம் நிறைய அதே காசு கிடந்தது. "எதை எடுத்தாலும் 150" என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். கிளறிப் பார்த்ததில் பாதிக்கு மேல் என் காசைவிடத் தெளிவாக இருந்தன. "அம்மஞ்சல்லி பெறாது" என்று எங்கள் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். அந்த அம்மஞ்சல்லி இந்தக் காசுதான் என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்குத்தான் நான் ராத்திரி பத்தே முக்கால் வரை கண் விழித்திருக்கிறேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று இப்போதும் நன்றாக நினைவிருக்கிறது. நான் 200 கேட்டேன். போன் டிங் என்றது. திரையின் மேல் சிவப்புப் பட்டை, உங்களை முந்திவிட்டார்கள் என்று. 240 கேட்டேன். டிங். 300. டிங். நடுவில் பால் பொங்கி அடுப்பு அணைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. 400 தாண்டிய பிறகு அந்தக் காசு என் நினைவிலேயே இல்லை. எதிரில் யாரோ ஒருவன் இருக்கிறான், அவனை விடக்கூடாது என்பது மட்டும்தான் இருந்தது. ஜெயித்ததும் ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷம் பில் வந்தது.

இத்தனைக்கும் ஏலம் எனக்குப் புதிதில்லை. ஒரு வங்கியில் முப்பத்தோரு வருஷம் காசாளராக உட்கார்ந்து 2017இல் ஓய்வு பெற்றவள் நான். மீட்காத அடகு நகைகளைக் கிளையிலேயே ஏலம் விடுவார்கள். ஏழெட்டு நகைக்கடைக்காரர்கள் முன்பணம் கட்டிவிட்டு வருவார்கள். ஆனால் எதிர் டீக்கடையிலேயே பேசி முடித்திருப்பார்கள். உள்ளே வந்து ஒருவர் மட்டும் கேட்பார், மற்றவர்கள் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். விலை ஏறவே ஏறாது. வாங்குகிறவர்கள் கைகோத்துக்கொண்டால் ஏலம் எப்படிப் படுத்துவிடும் என்பதை அங்கே பார்த்தவள், வாங்குகிறவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் இருட்டில் மோதிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இங்கே கற்றுக்கொண்டேன்.

தளத்தின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அதனால்தான். பழைய நாணயம், நோட்டு, தபால்தலை, பதக்கம் ஆகியவற்றை மாதம் ஒருமுறை ஏலம் விடுகிற இந்திய நிறுவனம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று வருஷத்தில் அவர்களிடம் 46 லாட் (ஏலத்துக்கு வைக்கும் ஒவ்வொரு உருப்படியும் ஒரு லாட்) எடுத்திருக்கிறேன், அதைப் போல இரண்டு மடங்கு கேட்டுத் தோற்றிருக்கிறேன். மொத்தத்தில் பத்துக்கு ஆறரை கொடுப்பேன். ஏல இயந்திரத்துக்கு எட்டு, படங்களுக்கு நாலு, கூரியருக்கு மதிப்பெண் போடும் மனநிலையில் நான் இல்லை.

சேருவது சுலபம். பான் எண், முகவரிச் சான்று, ஒரு ஓ.டி.பி., இரண்டு நாளில் கணக்கு திறந்துவிட்டார்கள். ஏலத்துக்குப் பத்து நாள் முன்பு பட்டியல் வரும், ஐந்நூறு அறுநூறு லாட். அன்றிலிருந்தே கேட்கலாம். ஏல நாளன்று மாலை ஆறு மணியிலிருந்து ஒவ்வொரு லாட்டாக வரிசையாக முடியும்.

இதில் நன்றாகச் செய்திருப்பது தானாகக் கேட்கும் வசதி. நம் உச்ச வரம்பை ஒருமுறை போட்டுவிட்டால் போதும். அது யாருக்கும் தெரியாது. தேவைப்படும் அளவுக்கு மட்டும் நமக்காகப் படிப்படியாகக் கேட்டுக்கொண்டே போகும். ஒரு லாட் 1,500இல் நிற்கிறது, நான் 4,000 என்று போடுகிறேன், அடுத்தவரின் வரம்பு 2,600 என்றால், விலை 2,700இல் நின்று எனக்கு வந்துவிடும். 4,000 கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது ஆள் எதுவரை வந்தாரோ அதற்கு ஒரு படி மேலே கொடுத்தால் போதும்.

இந்த முறைக்குப் பின்னால் பெரிய கணக்கு இருக்கிறது என்று என் மகன் சொன்னான். வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961இல் எழுதிய கட்டுரை: ஜெயித்தவர் இரண்டாவது விலையைத்தான் கொடுக்க வேண்டும் என்று இருந்தால், எல்லாரும் தங்கள் மனசில் இருக்கும் உண்மையான விலையைச் சொல்வதே லாபம். கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் நஷ்டம் நமக்குத்தான். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள், மூன்றே நாளில் இறந்துபோனார் பாவம். அவர் எழுதுவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே தபால்தலை வியாபாரிகள் இதே முறையில் தபால் மூலம் ஏலம் நடத்தியிருக்கிறார்களாம். எனக்கு அதுதான் பிடித்தது. கடைக்காரனுக்குத் தெரியாத பொருளாதாரமா?

ஆனால் அந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் நம் மனசில் ஒரு விலை முதலிலேயே இருக்க வேண்டும். அம்மன் காசு ராத்திரி என் மனசில் விலையே இல்லை, டிங் டிங் என்று எதிராளி சொல்லச் சொல்ல அது பிறந்துகொண்டிருந்தது. அதன் பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டேன். கேட்க நினைக்கும் ஒவ்வொரு லாட்டுக்கும், அது வீட்டுக்கு வந்து சேர மொத்தம் எவ்வளவு கொடுப்பேன் என்று பேனாவால் எழுதுவேன். பென்சில் கூடாது. காசாளர் புத்தி, அடித்தல் திருத்தல் இருந்தால் கையெழுத்துப் போடணும்.

அந்த மொத்தத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும். கமிஷன் 15 சதவீதம். கமிஷனுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அதாவது ஏலத் தொகை நூறு என்றால் கொடுப்பது 117 ரூபாய் 70 காசு. தபால் இப்போது காப்பீட்டோடு 180. சில லாட்டுகளுக்கு நாணயத்தின் மீதும் வரி உண்டு, அது லாட் விவரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். ஆக என் வாய்ப்பாடு: மொத்தத்தில் 180ஐக் கழித்து, 1.177ஆல் வகுக்க வேண்டும். 5,000 வரை போகலாம் என்றால் 4,095தான் கேட்கலாம். திரையில் 4,095 என்று பார்க்கும்போது இன்னும் ஆயிரம் போகலாமே என்று கை பரபரக்கும். பில்லில்தான் அந்த ஆயிரம் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது.

இந்த 4,095ஐ வைத்தே ஒரு பாடம் படித்தேன். ஐந்தாம் ஜார்ஜ் 1911 வெள்ளி ரூபாய் ஒன்று வந்திருந்தது. சேகரிப்பவர்கள் இதைப் பன்றி ரூபாய் என்பார்கள். ராஜாவின் அங்கியில் ஒரு யானை உண்டு. தும்பிக்கையைக் குட்டையாகச் செதுக்கியதில் அது பன்றி மாதிரித் தெரிகிறது என்று முஸ்லிம் மக்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பி, நாணயத்தைத் திரும்பப் பெற்று, 1912இலிருந்து தும்பிக்கையை ஒழுங்காக வரைந்தார்கள். தேய்ந்த நாணயத்தில் யானையும் இருக்காது பன்றியும் இருக்காது, வெறும் மேடுதான். இந்த லாட்டில் கால்கள்கூடத் தெரிந்தன. நோட்டில் 5,000 எழுதினேன், ஏல நாளன்று மதியம் 4,095 போட்டேன். எல்லாரும் முழு எண்ணாகப் போடுவார்கள், நாம் கொஞ்சம் கூட்டிப் போட்டால் ஜெயிக்கலாம் என்பது ஈபே என்ற ஏலத் தளத்தில் முன்பு கற்ற தந்திரம்.

லாட் 4,000க்கு முடிந்தது. ஜெயித்தது வேறு ஆள்.

என் வரம்பு 4,095, விலை 4,000, பிறகு எப்படி நான் தோற்றேன் என்று கடிதம் எழுதினேன். மறுநாள் மரியாதையாகப் பதில் வந்தது. இங்கே 3,000க்கு மேல் ஒவ்வொரு படியும் 100. படியில் பொருந்தாத தொகையைக் கீழே இருக்கும் படிக்கு வெட்டிவிடுவார்களாம். என் 4,095 அவர்கள் கணக்கில் 4,000. அதே 4,000ஐ இன்னொருவர் மூன்று நாள் முன்பே போட்டு வைத்திருக்கிறார். தொகை சமமானால் முதலில் போட்டவருக்குத்தான். விதிமுறைப் பக்கத்தில் இருக்கிறது, நான் படிக்கவில்லை. 4,100 போட்டிருந்தால் மொத்தம் 5,006 ஆகியிருக்கும். ஆறு ரூபாயில் பன்றி போச்சு.

அதனால் இப்போது நோட்டில் "படி" என்று இன்னொரு பத்தி சேர்த்திருக்கிறேன். வகுத்து வரும் எண்ணை மேல் படிக்கு ஏற்றுவதா கீழ்ப் படிக்கு இறக்குவதா என்பதை நானே முடிவு செய்துகொள்வேன். 2,000, 3,000, 5,000 மாதிரி முழு எண்களில் கூட்டம் அதிகம், அங்கே போய் நிற்கக் கூடாது. ஒன்று ஒரு படி மேலே போக வேண்டும், இல்லையென்றால் நாலு படி கீழேயே நின்றுவிட வேண்டும்.

சரி, எப்போது போடுவது? சேகரிப்பவர்கள் கூடினால் இதில்தான் சண்டை வரும். என் ஆரம்பம் ஈபே இந்தியாவில். முன்பு பாசீ என்று இருந்த தளம் அது, 2004இல் ஈபே வாங்கியது. 2018 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். நான் இருந்தது கடைசி ஒரு வருஷம். அங்கே கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தால் வந்ததுதான், ஏலம் முடிந்தது. அதனால் யாரும் கடைசி வரை வாயைத் திறக்க மாட்டார்கள், எட்டு நொடி இருக்கும்போது பாய்வார்கள். நானும் பாய்ந்திருக்கிறேன். வீட்டு பிராட்பேண்ட் சரியாக ஆறாவது நொடியில் சுற்ற ஆரம்பிக்கும், அது வேறு.

தானாகக் கேட்கும் வசதி இருக்கும்போது கடைசி நொடி வரை காத்திருப்பதில் என்ன லாபம் என்று தோன்றும். எதிராளி விக்ரி சொன்னபடி ஒழுங்காக நடந்தால் லாபமே இல்லை. ஆனால் எதிராளி பெரும்பாலும் அம்மன் காசு ராத்திரி நான் இருந்த மாதிரிதான் இருப்பார். அவருக்குக் கோபம் வர நேரம் கொடுக்காமல் முடித்துவிடுவதில்தான் லாபம். ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இருவர் 2002இல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அப்போது அமேசானும் ஏலம் நடத்திக்கொண்டிருந்தது, அங்கே கடைசிப் பத்து நிமிஷத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும். ஈபேயில் கடைசி நேரப் பாய்ச்சல் ரொம்ப அதிகம், அமேசானில் குறைவு என்று கண்டுபிடித்தார்கள். கடிகாரம் எப்படியோ மனுஷர்கள் அப்படி.

நான் சொல்லும் இந்தத் தளத்தில் நேரம் நீளும். கடைசி இரண்டு நிமிஷத்தில் கேள்வி வந்தால் இன்னும் இரண்டு நிமிஷம். நம்மூர் ஏலத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று இழுப்பது போலத்தான். ஒருமுறை ஒரு திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம், மிளகளவு நாணயம், கையில் வைத்துத் தும்மினால் காணாமல் போகும், அதற்கு இரண்டு பேர் 50 நிமிஷம் இழுத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். இங்கே பாய்வதில் பிரயோஜனம் இல்லை. தொகை சமமானால் முதலில் போட்டவருக்கு என்ற விதியும் சேர்ந்துகொள்வதால், முன்கூட்டிப் போடுவதே நல்லது என்று முதலில் நினைத்தேன்.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். பட்டியல் வந்த அன்றே நான் போட்டுவிட்டால், வரம்பு தெரியாவிட்டாலும் விலை நகர்வது தெரியும். யாரோ ஒரு ஆளுக்கு இது வேண்டும் என்று ஊருக்கே தெரிந்துவிடும். பத்து நாள் அடுத்தவர்கள் என்னைக் குத்திக் குத்திப் பார்க்கலாம். அதனால் சாதாரண நாணயம் என்றால் முதல் நாளே போட்டுவிட்டு மறந்துவிடுகிறேன். மனசுக்குப் பிடித்தது என்றால் ஏல நாள் சாயங்காலம், விளக்கேற்றிய பிறகு, ஒரே ஒரு முறை. அப்புறம் போனைச் சத்தமில்லாமல் வைத்து இன்னொரு அறையில் சார்ஜில் போட்டுவிடுவேன். செயலியின் அமைப்புகளில் அந்த டிங்கை அணைக்க வழி இருக்கிறது, ஆனால் மூன்று பக்கம் உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள். தெரியாமலா வைத்திருப்பார்கள்?

இன்னொன்று, என் நோட்டைப் புரட்டிப் பார்த்ததில் தெரிந்தது. நான் மலிவாக எடுத்தவை எல்லாம் 350க்கு மேற்பட்ட லாட் எண்கள். ஆறு மணிக்கு ஆரம்பித்தவர்கள் பத்து மணிக்குப் பணத்தையும் தீர்த்திருப்பார்கள், பொறுமையையும் தீர்த்திருப்பார்கள். ஒரே வகை நாணயம் ஒரே ஏலத்தில் மூன்று இருந்தால் முதலாவதற்குத்தான் அடிதடி. மூன்றாவதற்கு ஆள் இருக்காது. போன நவராத்திரி சமயத்தில் கையால் அடித்த அம்மன் காசு, தடிமனாக, விளிம்பு கோணலாக இருக்கும் பழைய வகை, மூன்று லாட் வந்தது. முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை 140க்கு எடுத்தேன். பின்புறத்தில் தெலுங்கில் "விஜய" என்ற எழுத்து முழுசாக இருக்கிறது. முதலாவது 420க்குப் போனது.

இனி படங்கள். இங்கேதான் எனக்குக் கோபம்.

முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் நன்றாகத்தான் எடுக்கிறார்கள். ஆனால் எல்லா வெள்ளி நாணயமும் ஒரே வெளிச்சத்தில் பளபளவென்று இருக்கும். கழுவியதா, இயல்பான கறுப்பா என்று தெரியாது. விளிம்பை எடுப்பதே இல்லை. நம் நாட்டில் வெள்ளி ரூபாய்க்கு விளிம்பு ரொம்ப முக்கியம். பெண்கள் கழுத்தில் போட்டிருந்த காசு இது. காது வைத்துப் பற்றவைத்து மாலையாகக் கோத்திருப்பார்கள். பிறகு யாரோ அந்தக் காதை அறுத்து, அரத்தால் ராவி, நாணயம் என்று விற்பார்கள். சேகரிப்பவருக்கு அதன் விலை வெள்ளி விலைதான்.

போன வருஷம் விக்டோரியா 1862 ரூபாய் ஒன்று எடுத்தேன், 2,300க்கு. 1874 வரை அச்சடித்த ரூபாயிலும் 1862 என்றே போட்டார்கள், கீழே இருக்கும் புள்ளிகளை வைத்துத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தப் புள்ளிகளுக்காகத்தான் ஆசைப்பட்டேன். விவரத்தில் எடை 11.6 கிராம், தரம் எக்ஸ்.எஃப்., அதாவது தேய்மானம் ரொம்பக் குறைவு, என்று இருந்தது. வந்ததும் என் சின்னத் தராசில் வைத்தேன், 11.38. முறைப்படி 11.66 இருக்க வேண்டும். தேய்மானத்தில் கொஞ்சம் குறையும், அதனால் எடையை வைத்து மட்டும் சண்டைக்குப் போக முடியாது. விரல் நுனியால் விளிம்பைச் சுற்றித் தடவினேன். முப்பது வருஷம் காசு எண்ணிய விரல். வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது, ராணியின் கிரீடத்துக்கு நேர் மேலே ஓர் இடத்தில் வழவழவென்று வழுக்கியது. லென்ஸில் பார்த்தால் மூன்று மில்லிமீட்டருக்கு வரியே இல்லை, ஓரத்தில் மஞ்சளாக ஒரு பூச்சு. தெருமுனையில் இருக்கும் ஆசாரியிடம் கொண்டுபோனேன். வாங்கி ஒரு நொடி கூடப் பார்க்கவில்லை. "காசு மாலையில இருந்து கழட்டினதும்மா. பத்தவெச்ச இடம் தெரியுது பாருங்க" என்றார்.

திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம் உண்டு. அனுப்பினேன். ஏலத் தொகையும் கமிஷனும் திரும்பி வந்தன, ஆனால் 38 நாள் ஆனது, ஏழு முறை எழுத வேண்டியிருந்தது. இரண்டு பக்கத் தபால் செலவும் என் தலையில். விவரத்தில் தவறு அவர்களுடையது என்று ஒத்துக்கொண்ட பிறகும் தபால் காசு மட்டும் தர மாட்டேன் என்றது என்ன நியாயமோ. அதைவிட எரிச்சல், அடுத்த மாதப் பட்டியலில் அதே நாணயம் அதே படத்தோடு வந்தது. தரத்தை மட்டும் அதற்குக் கீழான வி.எஃப். என்று மாற்றியிருந்தார்கள். பற்றவைத்த தடம் பற்றி ஒரு சொல் இல்லை.

கள்ளக் கேள்வி பற்றியும் கேட்பீர்கள். விற்பவரே வேறு பெயரில் வந்து விலையை ஏற்றிவிடுகிற வேலை. கேட்டவர்களின் பட்டியலைத் தளம் காட்டுகிறது, பெயரை மறைத்து எண்ணை மட்டும். ஒரே எண் என் வரம்புக்கு ஒரு படி கீழே வரை வந்து நின்றதை மூன்று முறை பார்த்திருக்கிறேன். தற்செயலாக இருக்கலாம், என்னைப் போலவே கணக்குப் போடும் இன்னொரு ஓய்வுபெற்ற ஆளாகவும் இருக்கலாம். நிரூபிக்க வழியில்லை, அதனால் குற்றம் சாட்டவில்லை. ஆனால் உச்ச வரம்பை நிஜமாகவே கொடுக்கத் தயாராக இருக்கும் தொகையாக மட்டும் வைக்க இதுவும் ஒரு காரணம். "எப்படியும் அவ்வளவு போகாது" என்று பெரிய எண்ணைப் போட்டு வைத்தால், ஒருநாள் போகும்.

கூரியர் விஷயம். அட்டை, பஞ்சு, உறை, மேலே இன்னொரு அட்டை என்று பொதிவது அருமை, அதைக் குறை சொல்ல மாட்டேன். அனுப்பிய பிறகு என்ன ஆகிறது என்பது கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு பொட்டலம் பதினோரு நாள் ஒரே கிடங்கில் படுத்திருந்தது. தொலைந்த பொருளுக்கு வேண்டிக்கொள்ள எங்கள் ஊரில் தனியாக ஒரு தெய்வமே உண்டு, திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், அரைக்காசு அம்மன் என்பார்கள். அம்மன் காசில் இருப்பதும் அவள்தான். வெல்லம் வைத்து வேண்டிக்கொண்டேன். பொட்டலத்துக்குள் இருந்ததும் அம்மன் காசுதான் என்பதால் அவளுக்கே அக்கறை இருந்திருக்கும், பன்னிரண்டாம் நாள் வந்துவிட்டது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிலிருந்து பதில் வந்தது அதற்கும் இரண்டு நாள் கழித்து.

என்ன வாங்கலாம், என்ன வாங்கக் கூடாது? இந்தத் தளத்தில் ராஜராஜன் செப்புக்காசு, திருவிதாங்கூர்ச் சக்கரம், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள், 1947 புலி போட்ட நிக்கல் ரூபாய் இவையெல்லாம் தைரியமாகக் கேட்கலாம். நிறையக் கிடைப்பவை, பழைய ஏல முடிவுகளைத் தளத்திலேயே தேடிப் பார்க்க முடியும். இந்த வசதி பிரமாதம், நான் எந்த எண்ணை எழுதுவதற்கு முன்பும் கடைசி ஐந்தாறு முடிவுகளைப் பார்த்துவிடுவேன். ராஜராஜன் காசில் ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் உட்கார்ந்த உருவமும் நாகரியில் பெயரும் இருக்கும். பெயர் முழுசாக இருந்தால்தான் கூடுதல் விலை. 1939 வெள்ளி ரூபாய் என்று யாராவது போட்டால் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். அரிய வருஷம் அது, 1938இன் எட்டை ஒன்பதாகச் செதுக்கிய போலிகள் ஏராளம். தரச்சான்று பெற்றுப் பெட்டியில் அடைத்தது என்றால் பார்க்கலாம், அதையும் சான்று எண்ணைச் சரிபார்த்த பிறகுதான். "கலவை லாட், 100 நாணயம்" என்று வருவதில் நல்லதை முதலிலேயே பொறுக்கி எடுத்திருப்பார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார் பையன் பன்றி ரூபாய் ஒன்று அனுப்பச் சொன்னான். முடியாது. 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய நாணயம் தொல்பொருள், நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. தளமும் அந்த லாட்டுகளில் அதைத் தெளிவாகப் போட்டிருக்கிறது, அதற்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் வாட்ஸ்ஆப்பில் வருமே, வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம் என்று. என் வாழ்நாளில் அந்த நாணயத்தை எத்தனை ஆயிரம் எண்ணியிருப்பேன்! ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நாணயத்துக்குக் கமிஷன் கேட்கிறார்கள், நம்பாதீர்கள் என்று 2021இல் அந்த வங்கியே அறிவித்தது. அது ஏலமே இல்லை, முன்பணம் பிடுங்கும் வேலை. பக்கத்து வீட்டு மாமி இன்னும் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த மாதப் பட்டியல் நேற்று வந்தது. லாட் 412, மறுபடியும் ஒரு 1911. யானையின் வயிறு வரை தெரிகிறது. உடனே எழுதினேன், விளிம்புப் படம் வேண்டும், நாலு பக்கமும் என்று. கேட்டால் அனுப்புகிறார்கள், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்று சாயங்காலம் நாலு படம் வந்தது. கிரீடத்துக்கு மேலே, வலது, கீழே, இடது. பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன், எங்கேயும் அறுந்த இடம் இல்லை. வெள்ளி விலை ஏறிக் கிடக்கிறது, 5,000க்கு இனி கிடைக்காது. நோட்டில் 6,250 எழுதியிருக்கிறேன், வகுத்தால் 5,157 வருகிறது. படி 100. மேலே ஏற்றினால் 5,200, மொத்தம் 6,300 ரூபாய் 40 காசு. ஐம்பது ரூபாயைப் பார்த்தால் மறுபடியும் பன்றி போய்விடும். 5,200 என்றே எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் இந்த லாட் வரும்.